நுண்ணுலகில் ஒரு சிறு தட்டு

அடி மேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பது நம் முன்னோர் கண்ட பழமொழி. சிறிய செயலும் திரும்பத் திரும்ப நிகழுமானால் பெரிய விளைவைத் தரும் என்பது இதன் பொருள். அன்றாட வாழ்வில் மெய்யாக விளங்கும் இவ்வுண்மை, கண்ணுக்குப் புலப்படாத அணுக்களின் உலகிலும் செல்லுமா? ஓர் அணுவை மிக மெல்லத் தட்டினால் அதன் நிலை என்ன ஆகும்? முன்பிருந்த நிலையை அது இழந்துவிடுமா? இழந்ததை மீட்க வழியுண்டா?

சென்ற நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து இவ்வினாக்களை உலகெங்கும் அறிஞர்கள் ஆராய்ந்து வருகிறார்கள். நம் படூருக்கு வடக்கே கிண்டியில் 1959-இல் தொடங்கப்பெற்ற சென்னை ஐ.ஐ.டி.யிலும் இந்த ஆராய்ச்சி சிறப்புற நடந்து வருகிறது. அக்கல்விக்கூடத்தின் இன்னொரு வளாகம் நமக்குத் தெற்கே, கேளம்பாக்கத்தை அடுத்த தையூரிலேயே இருக்கிறது. நம் ஊரைச் சுற்றி நடக்கும் அறிவுப் பணி இன்னதென்று நாம் அறியாதிருக்கலாமா? பள்ளிப் பாட அறிவையே துணையாகக் கொண்டு அதனை விளங்கிக்கொள்ள முயல்வோம்.

வாய்க்காலும் அலையும்

முதலில் கண்ணால் காணும் உலகிலிருந்து தொடங்குவோம். படூருக்குக் கிழக்கே பக்கிங்காம் கால்வாய் செல்கிறது. அதற்கும் கிழக்கே கோவளத்துக் கடல். தென்னையிலிருந்து உதிர்ந்த இரண்டு குரும்பைகளைக் கால்வாயில் அருகருகே மிதக்க விட்டால், நெடுநேரம் அவை அருகருகேயே செல்லும். ஒரு சாண் இடைவெளி ஒரு முழமாவதற்கே நேரம் பிடிக்கும். அதே குரும்பைகளைக் கோவளத்தில் அலை உடையும் இடத்தில் இட்டால், நான்கைந்து அலைகளுக்குள் ஒன்று கரையில் கிடக்கும். மற்றொன்று கடலுக்குள் போயிருக்கும். முன்னதை ஒழுங்கு இயக்கம் என்றும், பின்னதைக் குழப்ப இயக்கம் என்றும் கூறலாம்.

குழப்பம் என்றதும் அங்கே விதியே இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. அலையும் நியூட்டனின் விதிகளுக்குக் கட்டுப்பட்டதுதான். தொடக்கத்தில் உள்ள சிறு வேறுபாடு எவ்வாறு வளர்கிறது என்பதில்தான் இரண்டும் மாறுபடுகின்றன. நாளொன்றுக்கு ஒரு நொடி பின்தங்கும் கடிகாரம் 17 நாட்களில் 17 நொடிதான் பின்தங்கும். இது ஒழுங்கு இயக்கத்தின் தன்மை. பிழை நாள்தோறும் இரு மடங்காகும் ஒரு கடிகாரத்தைக் கற்பனை செய்வோம். இன்று 1 நொடி, நாளை 2, அதற்கு மறுநாள் 4 என்று வளர்ந்து, 17 முறை இரட்டித்தபின் பிழை 1,31,072 நொடியாகிவிடும். ஒரு நாளுக்கு மொத்தமே 86,400 நொடிகள்தாம்! இது குழப்ப இயக்கத்தின் தன்மை.

இதனைத் தாளும் பென்சிலும் கொண்டு நாமே செய்து பார்க்கலாம். 0.300, 0.301 என்ற இரண்டு எண்களை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொன்றையும் இரண்டால் பெருக்க வேண்டும். விடை 1-க்கு மேற்பட்டால் அந்த ஒன்றை நீக்கிவிட வேண்டும். முதல் எண் 0.6, 0.2, 0.4, 0.8, 0.6, 0.2, 0.4, 0.8 என்று செல்லும். இரண்டாவது எண் 0.602, 0.204, 0.408, 0.816, 0.632, 0.264, 0.528, 0.056 என்று செல்லும். முதல் நான்கு படிகளில் இரண்டும் இரட்டைப் பிள்ளைகளைப் போலவே இருக்கின்றன. எட்டாம் படியிலோ ஒன்று 0.8-இல் நிற்கிறது, மற்றொன்று 0.056-க்கு வந்துவிட்டது. ஆயிரத்தில் ஒரு பங்கு வேறுபாடு செய்த வேலை இது.

1961-இல் அமெரிக்க வானிலை அறிஞர் எட்வர்ட் லோரென்ஸ் தம் கணிப்பொறியில் 0.506127 என்ற எண்ணுக்குப் பதிலாக 0.506 என்று சுருக்கிக் கொடுத்தார். சிறிது காலத்துக்குப் பின் கணிப்பொறி காட்டிய வானிலை முற்றிலும் வேறாகிப் போனது. 1963-இல் அவர் வெளியிட்ட கட்டுரை குழப்ப இயக்க ஆராய்ச்சிக்கு ஒரு கடைக்காலாக அமைந்தது.

இதன் பயனைக் கடற்கரை மக்களாகிய நாம் நன்கு அறிவோம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் சென்னைக் கரையை ஒட்டி வந்து பெருமழையைக் கொட்டிவிட்டு, டிசம்பர் 5 அன்று ஆந்திர நாட்டில் பாபட்லா அருகே கரையைக் கடந்தது. இத்தகைய புயல்களின் பாதையைக் கணிப்பவர்கள் இன்று ஒரே ஒரு கணக்கோடு நிறுத்துவதில்லை. தொடக்க எண்களையும், கணக்கின் விதிகளையும் சிறிது சிறிதாக மாற்றிப் பலமுறை கணக்கிடுகிறார்கள். விடைகள் ஒன்றையொன்று ஒத்திருந்தால் முன்னறிவிப்பை நம்பலாம். சிதறினால் எச்சரிக்கையோடு இருக்க வேண்டும். விதியைச் சிறிது மாற்றிப் பார்ப்பது என்ற இம்முறையை நாம் நினைவில் கொள்வோமாக. சற்று நேரத்தில் இது நமக்குத் தேவைப்படும்.

கவராயம் கற்பிக்கும் பாடம்

இனி அணுக்களின் உலகுக்குள் செல்வோம். அங்கே ஆட்சி புரிவது குவாண்டம் இயக்கவியல். 1926-இல் எர்வின் ஷ்ரோடிங்கர் அதன் அடிப்படைச் சமன்பாட்டை அளித்தார். ஒரு குரும்பை இங்கே இருக்கிறது, இந்த வேகத்தில் செல்கிறது என்று சொல்வதுபோல ஓர் எலெக்ட்ரானைப் பற்றிச் சொல்ல இயலாது. அதன் நிலையை ஓர் அம்பாகவே எண்ண வேண்டும். நாம் தாளில் வரையும் அம்புக்கு இரண்டு பரிமாணங்கள்தாம். இந்த அம்பு பல பரிமாணங்கள் கொண்ட வெளியில் நிற்கிறது. காலம் செல்லச் செல்ல அம்பு திரும்புகிறது. அதன் நீளம் மாறுவதில்லை.

ஜாமெட்ரி பெட்டியிலிருந்து கவராயத்தை எடுத்து, அதன் கால்களை 5 பாகை விரித்து, திருகாணியை இறுக்கிவிடுவோம். பிறகு அதை மேலும் கீழும் எப்படித் திருப்பினாலும், எத்தனை முறை சுழற்றினாலும், கால்களுக்கு இடையே 5 பாகைதான் இருக்கும். ஷ்ரோடிங்கரின் விதியும் இப்படிப்பட்டதே. இரண்டு நிலைகள் தொடக்கத்தில் 5 பாகை விலகி இருந்தால், எவ்வளவு காலம் சென்றாலும் அவை 5 பாகையே விலகி இருக்கும். வேறுபாடு இரு மடங்காவதும் இல்லை, நான்கு மடங்காவதும் இல்லை.

இங்கேதான் ஒரு பெரிய புதிர் எழுகிறது. கடலும் காற்றும் அணுக்களால் ஆனவை. அணுக்களின் விதியில் சிறு வேறுபாடு வளர்வதே இல்லையென்றால், அலையிலும் புயலிலும் அது எவ்வாறு வளர்கிறது? குவாண்டம் உலகில் குழப்பம் தன் முகத்தை எங்கே காட்டுகிறது?

பெரெஸ் கண்ட வழி

1984-இல் இஸ்ரேல் நாட்டு இயற்பியலாளர் ஆஷர் பெரெஸ் இதற்கு ஒரு வழி கண்டார். தொடக்கத்தை மாற்றிப் பயனில்லை. விதியையே சிறிது மாற்றிப் பார்க்கலாம் என்பது அவர் கருத்து. ஒரே நிலையில் தொடங்கும் இரண்டு அம்புகளை எண்ணிக்கொள்வோம். ஒன்று உள்ளபடியான விதியின்கீழ் திரும்புகிறது. மற்றொன்றின் விதியில் சிறு தொந்தரவு. காந்தப் புலம் ஓர் இம்மியளவு கூடுதல் என்று வைத்துக்கொள்வோம். இப்போது இரண்டு அம்புகளும் ஒரே கவராயத்தின் கால்கள் அல்ல. தொடக்கத்தில் ஒன்றின்மேல் ஒன்று கிடந்த அவை மெல்ல மெல்ல விலகுகின்றன.

இந்த விலகலை அளக்க ஓர் எண் இருக்கிறது. அதை ஒற்றுமை எண் என்று நாம் அழைக்கலாம். இரண்டு அம்புகளுக்கும் இடையே உள்ள கோணத்தின் கோசைனை வர்க்கப்படுத்தினால் இந்த எண் கிடைக்கும். கோணம் 0 பாகையானால் ஒற்றுமை 1. 60 பாகையானால் 0.25, 90 பாகையானால் 0. ஒன்றாயிருந்தவை முற்றிலும் வேறாகிவிட்டன என்பதே கடைசி விடையின் பொருள். ஒழுங்கான அமைப்பில் இந்த எண் ஒருவிதமாகவும், குழப்பமான அமைப்பில் வேறுவிதமாகவும் தேய்கிறது. குவாண்டம் உலகில் குழப்பத்தின் அடையாளம் இதில் இருக்கிறது.

திரும்பி ஓடும் பந்தயம்

இதே எண்ணை இன்னொரு விதமாகவும் பார்க்கலாம். 1876-இல் வியன்னாவைச் சேர்ந்த ஜோசப் லோஷ்மிட் ஒரு வினாவை எழுப்பினார். ஒரு பெட்டியில் சிதறிய வாயுவின் மூலக்கூறுகள் யாவும் அதே வேகத்தில் அப்படியே பின்னோக்கித் திரும்பினால், அவை பழைய இடங்களுக்கே வந்து சேர வேண்டுமல்லவா என்பது அவ்வினா. பழைய நிலைக்குத் திரும்பும் இந்நிகழ்ச்சி லோஷ்மிட் எதிரொலி என்று இன்று அவர் பெயராலேயே வழங்குகிறது. போகும்போது ஒரு விதி, திரும்பும்போது சிறிது மாறிய விதி என்று இருந்தால் எதிரொலி குறையும். அந்தக் குறைவும், பெரெஸ் கூறிய ஒற்றுமை எண்ணின் தேய்வும் கணக்கில் ஒன்றே.

நம் பள்ளி விளையாட்டு விழாவில் ஓட்டப் பந்தயம் நடக்கிறது. விசில் ஊதியதும் பத்துப் பேர் ஓடுகிறார்கள். விரைவாக ஓடுபவள் முன்னே செல்கிறாள். மெதுவாக ஓடுபவள் பின்தங்குகிறாள். சிறிது நேரத்தில் எல்லாரும் திடலெங்கும் சிதறிவிடுகிறார்கள். இரண்டாம் விசில் கேட்டதும் எல்லாரும் திரும்பி, அதே வேகத்தில் ஓடி வர வேண்டும். என்ன நிகழும்? முன்னே சென்றவளுக்குத் திரும்பும் தூரம் அதிகம். ஆனால் வேகமும் அதிகம். ஆகவே பத்துப் பேரும் ஒரே நொடியில் தொடக்கக் கோட்டை வந்தடைவார்கள்! சிதறியது மீண்டும் ஒன்றுகூடிவிட்டது. ஆனால் நடுவில் ஒருத்தி கால் இடறி வேகம் மாறினால் அவள் மட்டும் தவறிவிடுவாள். பலர் இடறினால் ஒன்றுகூடல் மங்கிவிடும்.

1950-இல் எர்வின் ஹான் என்ற அமெரிக்கர் அணுக்கருக்களைக் கொண்டு இதைச் செய்து காட்டினார். சிறு காந்த ஊசிகளைப் போன்ற கருக்கள் வெவ்வேறு வேகத்தில் சுழன்று சிதறியபின், ஒரு ரேடியோ துடிப்பின் மூலம் அவற்றைத் திரும்பி வரச் செய்தார். மறைந்த குறிப்பலை மீண்டும் எழுந்தது. இன்று மருத்துவமனைகளில் எம்.ஆர்.ஐ. படம் எடுக்கும்போது, நம் உடலிலுள்ள நீரின் ஹைட்ரஜன் கருக்களில் இவ்வெதிரொலி பயன்படுகிறது. எதிரொலி மங்கும் விரைவு ஒவ்வொரு திசுவிலும் வேறுபடுவதால், நோயுற்ற பகுதியை மருத்துவர் பிரித்தறிய முடிகிறது. மீட்க முடியாமற் போன பகுதியே இங்கு மருத்துவருக்குச் செய்தியாகிறது.

எதிரொலி எவ்வளவு விரைவில் மங்கும் என்பதை அர்ஜென்டினா நாட்டின் கொர்டோபா நகரில் ஹொராசியோ பஸ்தாவ்ஸ்கியும் அவர் குழுவினரும் சோதனைகளால் ஆராய்ந்தார்கள். 2001-இல் அவரும் ரொடோல்போ ஹலாபெர்டும் ஓர் அரிய முடிவை வெளியிட்டார்கள். குழப்பமான அமைப்பில் தொந்தரவு சிறியதாக இருக்கும்போது, அதை இரு மடங்காக்கினால் தேயும் வேகம் நான்கு மடங்காகிறது. ஆனால் தொந்தரவு ஓர் அளவைத் தாண்டியபின், அதை மேலும் கூட்டினாலும் நெடுந்தொலைவு வரை தேயும் வேகம் கூடுவதில்லை. அப்போது அந்த வேகத்தை நிர்ணயிப்பது தொந்தரவன்று. அந்த அமைப்பின் உள்ளார்ந்த குழப்பமே. அலையில் இட்ட குரும்பைகள் எந்த விகிதத்தில் விலகுமோ, அந்த விகிதமே குவாண்டம் எதிரொலியிலும் வந்து தலைகாட்டுகிறது. நாம் மேலே கண்ட புதிருக்கு இது ஒரு நல்ல விடையாகும்.

மிருதங்கத்தில் ஒரு சிட்டிகை ரவை

இதுவரை ஓடும் நிலைகளைக் கண்டோம். அணுவுக்கு நிலையான நிலைகளும் உண்டு. அவை மிருதங்கத் தோலின் அதிர்வுகளைப் போன்றவை. ஒவ்வோர் அதிர்வுக்கும் தனித்த வடிவமும் தனித்த சுருதியும் உண்டு. அணுவில் சுருதிக்குப் பதிலாக ஆற்றல் என்று கொள்ள வேண்டும்.

மிருதங்கத்தின் வலந்தலையில் கருமையான கரணை அப்பியிருப்பதையும், வாசிக்குமுன் தொப்பியில் ஈர ரவையை ஒட்டுவதையும் நாம் கண்டிருக்கிறோம். திருச்சிராப்பள்ளியில் பிறந்த சர் சி.வி. இராமன், நம் நாட்டு மேளங்களின் அதிர்வுகள் இசையொழுங்கில் அமைந்திருப்பதை 1920-இலேயே ஆராய்ந்து எழுதினார். தோலில் சிறு எடை ஒட்டினால் எல்லா அதிர்வுகளும் ஒரே அளவாக மாறுவதில்லை. எடை ஒட்டிய இடத்தில் மிகுதியாக ஆடும் அதிர்வின் சுருதி நன்கு இறங்கும். அந்த இடத்தில் ஆடாமல் நிற்கும் அதிர்வுக்கு ஒன்றும் ஆகாது. குவாண்டம் நிலைகளும் இப்படியே. எந்த இடத்தில் தொந்தரவு விழுகிறதோ, அந்த இடத்தில் எவ்வளவு பரவியிருக்கிறதோ அவ்வளவுக்கே ஒரு நிலை அதனை உணர்கிறது.

வட்டமான தோலுக்குப் பதிலாக, ஓட்டப் பந்தயத் திடலைப் போல இரண்டு நேர்ப்பக்கமும் இரண்டு அரைவட்டமும் கொண்ட ஒரு தோலை எண்ணுவோம். அந்த வடிவில் ஒரு கேரம் பலகை செய்து ஸ்ட்ரைக்கரை ஓடவிட்டால், அதன் பாதை குழப்பமானது என்று லியோனிட் புனிமோவிச் என்ற ரஷ்யர் 1970-களில் நிறுவினார். இத்தகைய வடிவில் பெரும்பாலான அதிர்வுகள் எங்கும் பரவி நிற்கும். எனவே எங்கே தட்டினாலும் அவை ஏறக்குறைய ஒரே தன்மையாகப் பதில் தரும். ஆனால் சில அதிர்வுகள் மட்டும் குறிப்பிட்ட பாதைகளில் தடித்து நிற்கும். 1984-இல் எரிக் ஹெல்லர் அவற்றை வடுக்கள் என்று பெயரிட்டு விளக்கினார்.

எல்லா நிலைகளும் ஒரே மாதிரி பதில் தருகின்றனவா, அல்லது சில தனித்து நிற்கின்றனவா? சிறு தொந்தரவைக் கொடுத்து, ஆற்றல்கள் எந்தப் பக்கம் எவ்வளவு நகர்கின்றன என்று பார்த்தே இதைக் கண்டுபிடிக்கலாம். சென்னை ஐ.ஐ.டி. பேராசிரியர் அருள் லட்சுமிநாராயண், அமெரிக்க அறிஞர் ஸ்டீவன் டாம்சோவிக் முதலியோருடன் சேர்ந்து இம்முறையை ஆராய்ந்தவர். தட்டிப் பார்த்துப் பானையின் விரிசலை அறியும் நம் வீட்டுப் பெரியவர்களின் முறைதான் இது!

தொந்தரவைச் சிறிது சிறிதாகக் கூட்டிக்கொண்டே போனால் ஆற்றல்களின் ஓட்டத்திலும் வேறுபாடு தெரியும். ஒழுங்கான அமைப்பில் இரண்டு ஆற்றல்கள் எதிரெதிரே வந்தால் ஒன்றையொன்று கவனியாதவை போலக் கடந்து செல்லும். குழப்பமான அமைப்பிலோ அவை நெருங்கி வந்து, தொடாமல் விலகிவிடும். விலகும்போது தம் தன்மைகளையும் மாற்றிக்கொள்ளும். இந்த விலக்கத்தை முதலில் தெளிவாகக் காட்டியவை கனமான அணுக்கருக்களே. யுரேனியம், தோரியம் போன்ற கருக்களில் நியூட்ரான் மோதும்போது தோன்றும் நிலைகளை விளக்க, 1950-களில் யூஜீன் விக்னர் தற்செயல் எண்களால் நிரப்பிய அணிகளைப் பயன்படுத்தினார். இவ்வணிகளைப் பற்றி நம் நாட்டில் பிறந்த மதன் லால் மேத்தா 1967-இல் எழுதிய நூல் உலகப் புகழ் பெற்றது. நமக்குத் தெற்கே கல்பாக்கத்தில் காமினி என்ற சிறு அணு உலை 1996-இல் இயங்கத் தொடங்கியது. தோரியத்திலிருந்து பெறப்படும் யுரேனியம்-233 அதற்கு எரிபொருள். இத்தகைய கருக்களுக்குள்ளேயும் குவாண்டம் குழப்பம் குடியிருக்கிறது என்பது வியப்பன்றோ!

அடிபடும் பம்பரம்

மேலே கூறியவற்றை எல்லாம் ஒரே கருவியில் சோதித்துப் பார்க்க அறிஞர்கள் விரும்பினார்கள். அதற்கு அவர்கள் தேர்ந்தெடுத்தது நம் தெருவில் பிள்ளைகள் சுற்றும் பம்பரத்தை!

பம்பரத்தின் கணக்கு எளிதன்று. ரஷ்ய நாட்டுப் பெண்மணி சோபியா கோவலெவ்ஸ்கயா, பம்பர இயக்கத்தில் முழுமையாகத் தீர்க்கக்கூடிய புதிய வகை ஒன்றைக் கண்டுபிடித்து, 1888-இல் பாரிஸ் அறிவியல் கழகத்தின் போர்தேன் பரிசைப் பெற்றார். பெண் என்பதால் தம் நாட்டுப் பல்கலைக்கழகங்களில் இடம் மறுக்கப்பட்ட அவர், பின்னர் ஸ்வீடனில் பேராசிரியரானார். அவர் கண்டது ஒழுங்கான பம்பரம். அதைப் போன்ற சில வகைகளைத் தவிர மற்றப் பம்பரங்களின் இயக்கத்தில் குழப்பம் கலந்திருக்கும்.

1987-இல் ஃபிரிட்ஸ் ஹாக்கெயும் அவர் தோழர்களும் அடிபடும் குவாண்டம் பம்பரத்தை அறிமுகப்படுத்தினார்கள். ஒரு பம்பரம் ஓர் அச்சைச் சுற்றிச் சீராகத் திரும்புகிறது. குறித்த கால இடைவெளிகளில் இன்னோர் அச்சைப் பற்றி அதற்கு ஒரு முறுக்கு கொடுக்கப்படுகிறது. முறுக்கு மெலிதாக இருந்தால் இயக்கம் ஒழுங்காக இருக்கும். முறுக்கைக் கூட்டினால், முட்டுக்காட்டு முகத்துவாரத்தில் நீருக்கு நடுவே மணல்திட்டுகள் தெரிவதுபோல, குழப்பக் கடலுக்கு நடுவே ஒழுங்குத் தீவுகள் சில எஞ்சும். இன்னும் கூட்டினால் தீவுகளும் மூழ்கிவிடும்.

2009-இல் அமெரிக்காவின் அரிசோனா பல்கலைக்கழகத்தில் குளிரூட்டப்பட்ட சீசியம் அணுக்களையே பம்பரங்களாகக் கொண்டு இதைச் செய்து காட்டினார்கள். தீவுக்குள் வைத்த நிலையும் குழப்பக் கடலில் வைத்த நிலையும் சிறு தொந்தரவுக்கு வெவ்வேறு விதமாகப் பதில் தருவதை அவர்கள் நேரில் அளந்தார்கள். அந்த ஆய்வுக் குழுவில் ஒருவர் இந்தியாவில் பிறந்த ஷோஹினி கோஷ் என்னும் பெண் இயற்பியலாளர். 2016-இல் மூன்று மீக்கடத்துக் குவாண்டம் பிட்டுகளைக் கொண்டும், 2019-இல் நம் நாட்டுப் புனே நகரின் ஐசர் நிறுவனத்தில் இரண்டே இரண்டு அணுக்கருப் பிட்டுகளைக் கொண்டும் இதே பம்பரம் சுழற்றப்பட்டது. அதே 2019-இல் ஷ்ருதி டோக்ரா, வைபவ் மாதோக், அருள் லட்சுமிநாராயண் ஆகியோர், மூன்று அல்லது நான்கு பிட்டுகளால் ஆன பம்பரத்தின் கணக்கை முழுமையாகத் தீர்க்க முடியும் என்று காட்டினார்கள். விடை கையில் இருந்தும், குழப்பத்தின் அடையாளங்கள் அதில் தோன்றுகின்றன என்பது அவர்கள் கண்ட சிறப்பு.

வியப்பான முடிவு

இவ்வளவும் கேட்டபின், குழப்பமான அமைப்பு எளிதில் கெட்டுவிடும், ஒழுங்கான அமைப்பு நெடுங்காலம் தாங்கும் என்றுதானே நாம் முடிவு செய்வோம்? உண்மை அவ்வளவு எளிதாக இல்லை. தோமாஷ் ப்ரோசன் முதலிய ஸ்லோவேனிய அறிஞர்கள் 2002-இல் இதற்கு நேர்மாறான ஒரு செய்தியை வெளியிட்டார்கள். தொந்தரவு மிகச் சிறியதாக இருக்கும்போது, குழப்பமான அமைப்பே நெடுநேரம் தாங்குகிறது. ஒழுங்கான அமைப்பு விரைவில் தன் ஒற்றுமையை இழக்கிறது!

இதற்குக் காரணம் யாது? மீண்டும் கடிகாரங்களை எடுத்துக்கொள்வோம். முதல் கடிகாரம் தினமும் தவறாமல் ஒரு நொடி பின்தங்குகிறது. 100 நாட்களில் பிழை 100 நொடி. இரண்டாம் கடிகாரம் ஒரு நாள் ஒரு நொடி முந்துகிறது, ஒரு நாள் ஒரு நொடி பிந்துகிறது. பூவா தலையா போட்டுப் பார்த்ததுபோல எந்த முறையும் இல்லை. இதன் பிழைகள் பெரும்பாலும் ஒன்றையொன்று கழித்துவிடும். 100 நாட்களில் பிழை சுமார் 10 நொடிதான் இருக்கும். ஏனெனில் 100-இன் வர்க்கமூலம் 10. ஒழுங்கான அமைப்பு ஒரே பாதையில் மீண்டும் மீண்டும் வருவதால், தொந்தரவும் அதனை ஒவ்வொரு சுற்றிலும் ஒரே பக்கமாகத் தள்ளுகிறது. குழப்பமான அமைப்பு பாதையை மாற்றிக்கொண்டே இருப்பதால், தொந்தரவு இம்முறை இடப்பக்கம் தள்ளினால் அடுத்த முறை வலப்பக்கம் தள்ளுகிறது. கூட்டிப் பார்த்தால் மிஞ்சுவது சிறிதே.

இந்த நன்மைக்கு எல்லை உண்டு என்பதையும் மறக்கலாகாது. தொந்தரவு வளர்ந்து, குழப்பத்தின் சொந்த வேகமே ஆட்சி செய்யத் தொடங்கியபின் இந்தக் கணக்கு செல்லாது. எனவே ஒழுங்கு நல்லது, குழப்பம் கெட்டது என்று ஒரே சொல்லில் தீர்ப்பளிக்க முடியாது. தொந்தரவு எவ்வளவு, அது எங்கே விழுகிறது, எப்படிச் சேருகிறது என்ற மூன்றையும் கேட்ட பிறகே விடை சொல்ல முடியும்.

இதனால் ஆகும் பயன்

குவாண்டம் கணிப்பொறி என்ற புதிய கருவியை உருவாக்க உலக நாடுகள் இன்று போட்டியிடுகின்றன. அதன் ஒவ்வொரு பிட்டும் நாம் மேலே கண்ட அம்பு போன்றதே. துடிப்பின் நேரத்தில் ஓர் இம்மி பிழை, காந்தப் புலத்தில் ஓர் இம்மி மாற்றம் என்று சிறு தொந்தரவுகள் அதனை ஓயாமல் தாக்குகின்றன. அம்பு எவ்வளவு நேரம் திசை மாறாமல் நிற்கும் என்பதே கணிப்பொறியின் உயிர்நாடி. எனவே ஒற்றுமை எண்ணின் தேய்வை அளப்பது வெறும் ஏட்டுக் கணக்கன்று. 2025 அக்டோபரில் கூகிள் நிறுவனத்தார் தங்கள் வில்லோ சில்லில் நிலைகளை முன்னோக்கி ஓட்டி, ஒரு பிட்டை மட்டும் தட்டி, மீண்டும் பின்னோக்கி ஓட்டிய சோதனையை வெளியிட்டார்கள். குவாண்டம் எதிரொலிகள் என்று அதற்குப் பெயரிட்டார்கள். லோஷ்மிட்டின் வினா 149 ஆண்டுகளுக்குப் பின் கணிப்பொறியின் வேலையாகிவிட்டது!

நம் நாடும் பின்தங்கி இருக்கவில்லை. 2023 ஏப்ரலில் மத்திய அமைச்சரவை ரூ. 6,003.65 கோடி செலவில் தேசியக் குவாண்டம் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. அதன் நான்கு மையங்களுள் ஒன்றான குவாண்டம் தகவல் தொடர்பு மையம் சென்னை ஐ.ஐ.டி.யிடம் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது. அங்கே பணிபுரியப் போகிறவர்கள் இன்று பள்ளிகளில் கோசைனும் வர்க்கமூலமும் படித்துக்கொண்டிருப்பவர்களே. கோவலெவ்ஸ்கயாவுக்கு மூடியிருந்த கதவு நமக்குத் திறந்திருக்கிறது. அதன் வழியே நுழையத் தேவையானவை அடிப்படைக் கணக்கில் தெளிவும், கேள்வி கேட்கும் துணிவுமே.

அணுவின் உலகைக் கண்டபின் நம் பழமொழிக்கும் ஒரு புதிய பொருள் கிடைக்கிறது. அடி மேல் அடி விழுவது மட்டும் போதாது. அடிகள் யாவும் ஒரே திசையில் விழுந்தால்தான் அம்மி நகரும். திசை மாறி மாறி விழும் நூறு அடிகள் பத்து அடிகளின் வேலையைத்தான் செய்யும். தீய பழக்கம் ஒன்று நாள்தோறும் ஒரே பக்கமாக நம்மைத் தள்ளும்போது, அது சிறியதுதானே என்று அலட்சியம் செய்யலாகாது. நல்ல பழக்கம் சிறியதாக இருந்தாலும் திசை மாறாமல் தொடர்ந்தால், எவ்வளவு கனமான அம்மியும் அசையாமல் இருக்காது.